படி ஏறினால் முட்டி வலி: மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிசியோதெரபிஸ்டாக இருப்பதால் முட்டி வலியோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். "எப்போது வலிக்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் முதலில் சொல்வது படியைத்தான். மொட்டைமாடிப் படி, பஸ் படி, ஸ்டேஷன் மேம்பாலம் என்று இடம்தான் மாறுகிறது. கேட்கும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை என்பதால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

தரையில எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடக்கிறேன். படி ஏறினா மட்டும் முட்டி ஏன் இப்படி வலிக்குது?

சமதரையில் நடக்கும்போது உடல் எடை காலில் இறங்குகிற நேரத்தில் முட்டி கிட்டத்தட்ட நேராக இருக்கும். 15, 20 டிகிரிதான் மடங்கும். படியில் அப்படி இல்லை. காலைத் தூக்கி மேல்படியில் வைத்ததும் முட்டி நன்றாக மடங்கியிருக்கிறது. அந்த மடங்கிய நிலையிலேயே, அந்த ஒரே கால் முழு உடம்பையும் மேலே தூக்க வேண்டும். தூக்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது இழுக்கும் இழுப்பு முட்டிச் சில்லு வழியாகத்தான் போகிறது. இழுப்பு கூடக் கூட, சில்லு தொடை எலும்பின் மீது அழுந்துகிறது. தேய்ந்த இடம் அங்கே இருந்தால் வலி வராமல் என்ன செய்யும்?

இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, முட்டிச் சில்லின் மேல் உள்ளங்கையை வையுங்கள். கையை எடுக்காமல் மெதுவாக எழுந்திருங்கள். பின்பக்கம் நாற்காலியை விட்டு எழும்புகிற அந்த நொடியில் சில்லு இறுகி உள்ளே அழுந்துவது தெரியும். பலருக்கு உள்ளே மணல் அரைபடுவது போலவும் தெரியும். ஒவ்வொரு படியிலும் நடப்பது இதுதான், அதுவும் ஒற்றைக் காலில்.

பெர்லினில் சில நோயாளிகளுக்குப் பொருத்திய செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவி வைத்து இந்தச் சுமையை அளந்தார்கள். 2010இல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி, சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் விசை உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது 3.5 மடங்கு. 70 கிலோ எடை உள்ளவர் படி இறங்கினால் அவர் முட்டி ஒவ்வொரு அடியிலும் சுமார் 240 கிலோ தாங்குகிறது.

படியில மட்டும்தான் வலி. இது தேய்மானத்தோட ஆரம்பமா?

இருக்கலாம். முட்டித் தேய்மானம் வரக்கூடியவர்களையும் வந்தவர்களையும் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய அமெரிக்கத் திட்டத்தின் தகவல்களை, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2015இல் ஆராய்ந்து சொன்னது: வலி முதலில் தலைகாட்டுவது படியில்தான். நடக்கும்போது, நிற்கும்போது, படுத்திருக்கும்போது வரும் வலியெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் படியில் வரும் வலியை "வயசாச்சு" என்று ஒதுக்காமல், சீக்கிரம் தெரிந்துகொண்டது நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தசையைப் பலப்படுத்த இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஆனால் படியில் வலித்தாலே தேய்மானம் என்று முடிவு கட்டக் கூடாது. இருபது வயதுப் பெண்களுக்கும் படியில் முட்டி முன்பக்கம் வலிக்கும். அதற்குக் காரணம் வேறு. வயது 45க்கு மேல், வேலை செய்தால் கூடுகிற வலி, காலையில் இறுக்கம் இருந்தாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால், தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏறுறதுகூடப் பரவாயில்ல. இறங்குறப்போதான் உயிர் போகுது. இறங்குறது சுலபம்தானே?

மூச்சுக்குச் சுலபம், முட்டிக்குக் கஷ்டம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே, உடம்பு பொத்தென்று விழாமல் பிடித்துப் பிடித்துக் கீழே விட வேண்டும். கிணற்றில் வாளியை இறக்குகிறவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது போல. கயிற்றை விடுகிற கை தளர்ந்தால் வாளி என்ன ஆகும்? தொடைத் தசை பலவீனமானவர்கள் கடைசி இரண்டு அங்குலம் 'தொப்'பென்று இறங்குவது அதனால்தான்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. இறங்கும்போது எந்தக் கால் வலிக்கிறது என்று கேட்டால், "கீழே வைக்கிற கால்" என்பார்கள். மெதுவாக இறங்கச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் வலிப்பது மேல்படியில் நிற்கிற கால். கீழே போகிற கால் காற்றில் நேராக நீள்கிறது. மேலே நிற்கிற கால்தான் மடங்கி மடங்கி, முட்டி விரல் நுனியைத் தாண்டுகிற வரை, உடம்பு முழுவதையும் பிடித்திருக்கிறது. இது புரிந்துவிட்டால் அடுத்த கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

எந்தக் காலை முதல்ல வைக்கணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஏறும்போது மேல்படிக்குப் போகிற கால்தான் தூக்கும் வேலையைச் செய்கிறது. இறங்கும்போது மேல்படியில் நிற்கிற கால்தான் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. இரண்டு வேலையும் நல்ல காலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வலி அதிகமான நாட்களில் ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். கைத்தடி இருந்தால், அது வலிக்கிற காலோடு சேர்ந்தே போக வேண்டும். தடியைப் பிடிப்பது வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்.

இரண்டு முட்டியும் வலித்தால் எது கொஞ்சம் தேவலையோ அதுதான் அன்றைக்கு நல்ல கால். சிலர் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து நண்டு போல இறங்குவார்கள். பார்க்க எப்படி இருந்தாலும் அது பாதுகாப்பான வழிதான், வெட்கப்பட வேண்டியதில்லை.

கைப்பிடியைப் பிடிச்சே பழகிட்டா கால் இன்னும் பலவீனமாகிடாதா?

ஆகாது. கைப்பிடி இல்லாததால் படியையே தவிர்க்கிறவர்களுக்குத்தான் கால் பலவீனமாகிறது. பிடித்துக்கொண்டு தினமும் ஏறுகிறவருக்குத் தசை வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஒன்று மட்டும்: கம்பியைப் பிடித்து உடம்பை முழுக்க இழுத்துக்கொண்டு ஏறாதீர்கள். தோள் வலி புதிதாக வந்து சேரும். கையைக் கொஞ்சம் முன்னால் வைத்து, கீழே அழுத்தி எழும்புங்கள்.

கையில் சுமை இருந்தால் இது எதுவும் நடக்காது. ஈரத்துணி வாளியோடு மாடிக்குப் போகிற அம்மாக்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். 10 கிலோ வாளி என்பது முட்டிக்கு 10 கிலோ இல்லை, அதைப் போல் மும்மடங்கு. கையும் பூட்டிக்கொள்கிறது, படியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. துணியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டி இரண்டு தடவையாகக் கொண்டுபோங்கள். அதைவிட நல்லது, வீட்டில் உள்ள இளவட்டங்களிடம் கொடுத்துவிடுவது.

என் நடையே மாறிப்போச்சுன்னு வீட்ல சொல்றாங்க. சாய்ஞ்சு சாய்ஞ்சு ஏறுறேனாம். உண்மையா?

உண்மையாகத்தான் இருக்கும். வலிக்கிற முட்டியைக் காப்பாற்ற உடம்பு தானாகவே சில வழிகளைக் கண்டுபிடித்துக்கொள்ளும். முதலாவது, முன்னால் குனிவது. உடம்பு முன்னால் போனால் தொடைத் தசையின் வேலை குறைந்து இடுப்புத் தசைக்குப் போகிறது. இரண்டாவது, வலிக்கிற கால் பக்கமாகவே உடம்பைச் சாய்ப்பது. உள்பக்கம் தேய்ந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். பாரம் முட்டியின் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்கிறது. மூன்றாவது, கீழ்ப்படியில் இருக்கிற காலின் கெண்டைத் தசையால் உந்தி, மேலே இருக்கிற வலிக்கிற காலுக்கு ஒத்தாசை செய்வது. இதோடு பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று போவது, எல்லாம் உண்டு.

லேசாக முன்னால் குனிவதை நான் திருத்துவதில்லை. படி ஏற அது நல்ல உத்தியே. பக்கவாட்டுச் சாய்வைத்தான் கவனிப்பேன். வருடக்கணக்கில் அப்படியே ஏறினால் இடுப்பும் முதுகும் வலிக்க ஆரம்பிக்கும். நல்ல முட்டியும் இரட்டை வேலை செய்து களைத்துப்போகும். அதைவிடப் பெரிய சிக்கல், வேலை கொடுக்காத தொடைத் தசை மெலிந்துபோவது. முட்டியில் நீர் கோத்து வீங்கியிருந்தால் தசைக்குப் போகும் நரம்பு உத்தரவே குறைந்துவிடும். நீங்கள் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. வலியால் தசை மெலிகிறது, தசை மெலிந்ததால் மூட்டில் சுமை கூடுகிறது, அதனால் வலி கூடுகிறது. சிகிச்சையில் பாதிக்கு மேல் இந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் அறுப்பதுதான்.

அப்போ படியே ஏறாம இருந்தா ஜவ்வு மிச்சமாகுமே?

நிறையப் பேர் இப்படி நினைத்து, மாடியில் இருந்த படுக்கையைக் கீழே கொண்டுவந்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். ஜவ்வு என்று நாம் சொல்கிற குருத்தெலும்பு செருப்பின் அடி போல நடக்க நடக்கத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற நீரிலிருந்துதான் சத்தை எடுத்துக்கொள்கிறது. பஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீர் வெளியே போய் உள்ளே வருவது போல, பாரம் ஏறி இறங்கினால்தான் அந்த நீர் உள்ளே போய் வரும். அசைவே இல்லாத மூட்டுக்குச் சாப்பாடும் இல்லை.

எவ்வளவு ஏறலாம் என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. ஏறும்போது கொஞ்சம் வலி இருந்தால் பரவாயில்லை. அந்தக் கூடுதல் வலி மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை, அல்லது முட்டி வீங்கிவிட்டது என்றால் அளவு மீறிவிட்டது, குறையுங்கள், நிறுத்தாதீர்கள். வீக்கமும் சூடுமாக இருக்கும் சில நாட்கள் மட்டும் மாடிக்குப் போகும் தடவைகளைச் சுருக்கிக்கொள்ளலாம்.

திடீர்னு முட்டி மடங்கி விட்டுடுது. விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்னபடி தசை முழுதாக இறுகாத ஒரு நொடியில் முட்டி விட்டுக்கொடுக்கிறது. இறங்கும்போது அது நடந்தால் ஆபத்து. இப்படி ஒரு தடவை நடந்திருந்தால்கூட, கைப்பிடி இல்லாத படியில் தனியாக இறங்காதீர்கள். ரப்பர் செருப்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். படி விளக்கின் சுவிட்ச் மேலேயும் கீழேயும் இருக்கட்டும்.

அடிக்கடி நடந்தாலோ, முட்டி சிக்கிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவ ஜவ்வு கிழிந்திருந்தாலும் இப்படி ஆகும்.

கடக் கடக்குன்னு சத்தம் வருதே?

வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சத்தம் வருகிறதே என்று படி ஏறுவதை நிறுத்தவும் வேண்டாம்.

எக்ஸ்ரேல நாலாவது நிலைன்னு சொல்லிட்டாங்க. இனிமே பயிற்சி செஞ்சு என்ன பிரயோஜனம்?

எக்ஸ்ரேயில் 0 முதல் 4 வரை நிலை பிரிப்பது 1957இல் வந்த முறை, இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். தசை எவ்வளவு இருக்கிறது, நீங்கள் எப்படிப் படி ஏறுகிறீர்கள் என்பதெல்லாம் படத்தில் விழாது. குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது. வலி வருவது அதைச் சுற்றியுள்ள எலும்பு, உறை, கொழுப்புத் திசு ஆகியவற்றிலிருந்து. அதனால் படத்தில் மோசமாகத் தெரிகிறவர் நன்றாக ஏறுவதும், படத்தில் லேசாக இருப்பவர் படியில் தவிப்பதும் சகஜம்.

எக்ஸ்ரேயை மாற்ற முடியாது, தசையை மாற்ற முடியும். நாலாவது நிலையில் உள்ளவர்களுக்கும் பயிற்சியால் வலி குறைகிறது. பின்னால் அறுவை சிகிச்சைக்குப் போனாலும் அந்தத் தசை கைகொடுக்கும்.

சரி, படி ஏற என்னென்ன பயிற்சி செய்யணும்?

நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை. பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நேராகத் தூக்கி இறக்குங்கள். இது இடுப்பின் பக்கத் தசைக்கு. சாய்ந்து ஏறுகிறவர்களுக்கு அவசியம் வேண்டியது.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. உயரமான நாற்காலியில், தேவைப்பட்டால் தலையணை போட்டு, ஆரம்பியுங்கள். எழுவதைவிட உட்காருவதில்தான் கவனம் வேண்டும். நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள். படி இறங்கும்போது தசை செய்கிற அதே வேலையை இங்கே விழும் பயமில்லாமல் பழகுகிறீர்கள். ஒரு வாரம் எளிதாக முடிந்தால் தலையணையை எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகுதான் படி. வாசல்படி போல உயரம் குறைந்த ஒரே படி போதும். கைப்பிடியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மேலே வைத்து ஏறுங்கள். அதே கால் மேலேயே இருக்க, மற்ற காலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். முட்டி உள்பக்கமாகச் சரியாமல் பாதத்தின் இரண்டாவது விரலை நோக்கியே இருக்க வேண்டும். எந்தக் காலை முதலில் வைப்பது என்ற கேள்வியில் சொன்னதற்கு இது நேர்மாறாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது அன்றாடம் படியைக் கடக்கிற வழி. இது அந்தக் காலைப் பழக்குகிற வழி. வாரத்தில் மூன்று நாளாவது செய்யுங்கள். வித்தியாசம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அதுதான் எனக்கு வருத்தம்.

எடை குறைஞ்சா படியில தெரியுமா?

தெரியும். ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியில் சுமார் நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005இல் அமெரிக்காவில் அளந்தார்கள். படியில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று பெருக்கிப் பாருங்கள். சாப்பாட்டைக் குறைப்பதோடு மேலே சொன்ன பயிற்சியும் சேர வேண்டும். இல்லையென்றால் எடையோடு தசையும் போய்விடும்.

வேண்டுதல் இருக்கு. வலி மாத்திரை போட்டுட்டு மலைக்கு ஏறலாமா?

பழனிக்குச் சுமார் 700 படி. சோளிங்கரில் 1,305. மாத்திரை வலியை மறைக்குமே தவிர, தசைக்குப் பலம் தராது. வெறும் வயிற்றில், வெயிலில், தண்ணீர் குடிக்காமல் அதைப் போட்டுக்கொண்டு ஏறுவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. தினசரி வலிக்கு வெளியே தடவுகிற களிம்பு முதலில் போதும்.

கட்டாயம் படியில்தான் போக வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். அதிகாலையில் கிளம்புங்கள், மண்டபம் வரும்போதெல்லாம் உட்காருங்கள். ஏறுவது படியில் இருக்கட்டும், இறங்குவது இழுவை ரயிலிலோ ரோப் காரிலோ இருக்கட்டும். இறங்குவதுதான் முட்டிக்குக் கடினம் என்று முன்பே சொன்னேன். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு, மறுநாள் வீங்கிய முட்டியோடு வருகிறார்கள்.

புது வீடு கட்டுறோம். படியை எப்படி வைக்கச் சொல்லணும்?

கட்டுவதற்கு முன் இதைக் கேட்கிறவர்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. இந்தியக் கட்டட விதித் தொகுப்பில் வீடுகளுக்குப் படியின் உயரம் அதிகபட்சம் 19 சென்டிமீட்டர், கால் வைக்கும் அகலம் குறைந்தது 25 சென்டிமீட்டர். பொதுக் கட்டடங்களுக்கு 15, 30. முட்டி வலி உள்ளவர் வீட்டில் இருந்தால் பொதுக் கட்டட அளவைக் கேளுங்கள். 3 மீட்டர் உயரத்துக்கு 16 படிக்குப் பதில் 20 படி வரும், இடம் கூடுதலாக எடுக்கும். ஏறுகிற மொத்த உயரம் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு படியிலும் முட்டி மடங்குவது குறையும். வலி அந்த மடக்கில்தான் இருக்கிறது.

எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். கடைசியில் டைல்ஸ் ஒட்டும்போது முதல் படியோ கடைசிப் படியோ மட்டும் உயரம் மாறிப்போவது வழக்கம். கொத்தனாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், ஏறும்போது பிடிக்கிற கை இறங்கும்போது மாறிவிடும்.

ஆபரேஷன் பண்ணிட்டா பழையபடி ஏறலாமா?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பும் முன்பே சில படிகள் ஏறி இறங்கப் பழக்குவார்கள், நல்ல கால் மேலே, ஆபரேஷன் செய்த கால் கீழே என்ற அதே விதிப்படி. படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி ஏற வாரங்கள் ஆகும். இறங்குவது இன்னும் தாமதமாக வரும். பழைய எலும்பைத்தான் மாற்றுகிறார்கள், மெலிந்த தசையை மாற்றுவதில்லை. ஆகவே பயிற்சி இங்கேயும் உண்டு. இரவுத் தூக்கம் கெடுகிற வலி, முறையாகப் பல மாதம் பயிற்சி செய்தும் வீட்டுக்குள் நடப்பதே கஷ்டம் என்றால் அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வீங்கினாலோ, விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போனாலோ இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் முயலாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அம்மாவைப் படியில கூட்டிட்டுப் போறப்போ நான் எங்க நிக்கணும்?

எப்போதும் அவருக்கு ஒரு படி கீழே. ஏறும்போது அவருக்குப் பின்னால், இறங்கும்போது அவருக்கு முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில். கையைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள். அவர் பிடிமானம் தடுமாறும். ஒரு கையால் அவர் கைப்பிடியைப் பிடிக்கட்டும். உங்கள் ஒரு கை கம்பியில் இருக்கட்டும், மற்றொன்று அவர் இடுப்பருகே தயாராக இருக்கட்டும், தேவைப்படும் வரை தொடாமல். அவருக்கு முன்பாகப் போய் நின்று "வாம்மா, சீக்கிரம்" என்று கூப்பிடாதீர்கள். அவசரப்படும்போதுதான் பாதம் படியில் பாதி மட்டும் பதிகிறது. ஒவ்வொரு படியிலும் முழுப் பாதமும் பதிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, அவர் வேகத்திலேயே போங்கள்.